விலா வலியை விடாமல் வளர்ப்பது எப்படி?

வலியைச் சம்பாதிப்பதில் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை. 20 லிட்டர் தண்ணீர் கேன் வாசலில் வந்து இறங்கியிருக்கிறது. பையன் காதில் ஹெட்போன். எதிர்வீட்டுக்காரர் பேப்பர் படிக்கிற சாக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகவே முட்டியை மடக்காமல் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தூக்காகத் தூக்கி, இடுப்புக்கு மேலே உடம்பை ஒரு திருகு திருகி டிஸ்பென்சரில் கவிழ்த்துவிடுங்கள். கேனுக்கு வாய்ப்பில்லாதவர்கள் ஜனவரி முதல் வாரத்தில் ஜிம்மில் சேர்ந்து, பக்கத்துப் பெஞ்சில் படுத்திருக்கும் கல்லூரிப் பையன் தூக்குகிற எடையை முதல் நாளே தூக்கலாம். ஐப்பசி மழையில் பிடித்த இருமலை மூன்று வாரம் கண்டுகொள்ளாமல் விடுவதும் கைகண்ட வழி. இதில் எதையுமே செய்யாமல் வலியைப் பெற்றவர்களும் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் "எதனால சார் வந்துச்சு?" என்று கேட்டால் டாக்டர் உதட்டைப் பிதுக்குவார்.

மறுநாளோ மூன்றாம் நாளோ நடுநெஞ்சு எலும்பின் ஓரமாக, பெரும்பாலும் இடப்பக்கம், சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குப் பக்கத்தில் சுருக்கென்று குத்தும். தும்மினால் குத்தும். புரண்டு படுத்தால் குத்தும். அடுத்தவர் ஜோக்குக்குச் சிரித்தால் இன்னும் ஆழமாகக் குத்தும். வாழ்த்துகள். உங்களுக்கு வந்திருப்பதன் பெயர் காஸ்டோகாண்ட்ரைட்டிஸ். விலா எலும்பை மார்பெலும்போடு சேர்க்கிற குருத்தெலும்பு வெந்துபோய் நிற்கிறது. மொத்தம் 12 ஜோடி விலா. மேலே இருக்கிற 7 ஜோடி, தனித்தனிக் குருத்தெலும்போடு நேரடியாக மார்பெலும்பில் போய்ச் சேரும். அடுத்த மூன்று ஜோடி மேல்வீட்டுக் குருத்தெலும்பில் ஒண்டுக்குடித்தனம். கடைசி இரண்டு ஜோடி முன்பக்கம் எதிலும் ஒட்டாத நாடோடிகள். வலி பெரும்பாலும் இரண்டாவதிலிருந்து ஐந்தாவது விலாவுக்குள்தான் வரும். வலிக்கிற இடத்தில் வீக்கமும் சேர்ந்து புடைத்திருந்தால் உங்களுக்குக் கூடுதல் யோகம். அதற்கு டீட்ஸே நோய்க்குறி என்று தனிப்பெயர் உண்டு. 1921இல் அலெக்சாண்டர் டீட்ஸே என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் எழுதிவைத்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் "மசில் பெயின்" என்று சொல்வதற்கும் "டீட்ஸே" என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

வளர்ப்பு முறைக்குப் போகும் முன் ஒரு பத்தி. இதில் விளையாட்டு கிடையாது. நெஞ்சை அழுத்திப் பிசைகிற வலி, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுகிற வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், நடந்தால் கூடி உட்கார்ந்தால் குறைகிற வலி, இவற்றில் எது இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் அந்த வண்டி இதற்காகத்தான் ஓடுகிறது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு இத்தனை அடையாளங்களோடு வர வேண்டும் என்றில்லை. வெறும் களைப்பும் குமட்டலுமாகக்கூட வரும். "தொட்டா வலிக்குது, அப்ப இது ஹார்ட் இல்ல" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதாதீர்கள். தொட்டால் வலிக்கிற நெஞ்சுக்குள் இருக்கிற இதயத்துக்கும் கோளாறு வரலாம். வயது 35ஐத் தாண்டியிருந்தால் ஈசிஜி எடுக்காமல் எந்தப் பேச்சும் வேண்டாம். காய்ச்சல், சளியில் ரத்தம், ஒரு கால் மட்டும் வீங்குவது இருந்தாலும் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். பார்த்தாயிற்று, இதயம் சுத்தம் என்று சொல்லிவிட்டார்கள் என்றால் மேலே படிக்கலாம்.

சொன்ன டாக்டரை நம்பாமல் இருப்பதுதான் முதல் பாடம். இந்த நோய்க்கென்று ரத்தப் பரிசோதனை இல்லை. எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அவர் கட்டைவிரலால் மார்பெலும்பின் ஓரமாக ஒவ்வொரு விலாவாக அழுத்திக்கொண்டே இறங்குவார். மூன்றாவதில் நீங்கள் "ஆ!" என்று படுக்கையை விட்டு எழும்புவீர்கள். "இதே வலிதானே?" என்பார். ஆமாம், அதே வலிதான். அவர் முகத்தில் ஒரு திருப்தி. பரிசோதனை அவ்வளவுதான். இது போதுமா உங்களுக்கு? ஒரு கட்டைவிரலுக்கா 500 ரூபாய்? உடனே எக்கோவுக்குப் போங்கள், டிரெட்மில் டெஸ்ட்டுக்குப் போங்கள், வேறு ஊரில் இன்னொரு ஈசிஜி எடுங்கள். எல்லாம் நார்மல் என்று வர வர உங்கள் கவலை கூடும். இத்தனை மெஷினுக்கும் சிக்காத நோய் என்றால் அது எவ்வளவு பெரிய நோயாக இருக்க வேண்டும்!

நீங்கள் நம்பினாலும் வீட்டார் நம்ப மாட்டார்கள். நம் ஊரில் கழுத்துக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே எங்கே வலித்தாலும் அது கேஸ்தான். "நேத்து ராத்திரி உருளைக்கிழங்கு போண்டா தின்னீங்கல்ல, அதான் குத்துது" என்பார் மனைவி. மாமியார் போனிலேயே, "மாப்பிள்ள, ஓமத்தண்ணி ஒரு மூடி குடிங்க, ஏப்பம் வந்தா சரியாயிடும்" என்பார். குடியுங்கள். பன்னீர் சோடா, பூண்டு சுட்டது, பெருங்காயத்தை மோரில் கரைத்தது என்று ஒன்றையும் விடவேண்டாம். ஏப்பம் வரும், நன்றாகவே வரும். குருத்தெலும்புக்கும் ஏப்பத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதால் வலி அசையாமல் அப்படியே இருக்கும். மூன்றாம் நாள் சொந்தக்காரர் ஒருவர், கால் முதலில் வெளியே வந்து பிறந்த ஆள் முதுகில் லேசாக மிதித்தால் எப்பேர்ப்பட்ட பிடிப்பும் விட்டுப்போகும் என்று சொல்லி, அப்படிப் பிறந்த ஒருவரை ஆட்டோவில் கூட்டியே வந்துவிடுவார். அவர் எத்தனை கிலோ என்று மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது அழுத்திப் பார்க்கும் கலை. வலி இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி விரலால் அழுத்திப் பார்ப்பது. காலையில் பல் துலக்கும்போது ஒன்று, லிஃப்ட் கண்ணாடியில் ஒன்று, சிக்னலில் ஒன்று, மீட்டிங்கில் மேனேஜர் பேசும்போது சட்டைக்குள் கையை விட்டு ஒன்று. லேசாக அழுத்தினால் தெரியாது. நேற்றைக்கு எவ்வளவு அழுத்தினீர்களோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக அழுத்த வேண்டும். ஏற்கெனவே புண்பட்ட குருத்தெலும்பை ஒரு நாளைக்கு நாற்பது தடவை குத்தினால் அது ஆறாது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்வார். அவருக்கென்ன, அவர் நெஞ்சா வலிக்கிறது?

மூச்சு விஷயத்துக்கு வருவோம். நம்முடைய தொழில் ரகசியமே இதில்தான் இருக்கிறது. கையோ காலோ அடிபட்டால் கட்டுப்போட்டு அசையாமல் வைத்துவிடலாம். விலாவுக்கு அந்தச் சலுகை இல்லை. நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 தடவை அது அசைந்தே ஆக வேண்டும். மேல் விலாக்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் தெருவோர அடிபம்பின் கைப்பிடிபோல மேலும் கீழும் ஏறி இறங்குகின்றன. போதாததற்குக் குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாயே கிடையாது. சுற்றியுள்ள உறையிலிருந்து கசிந்து வருவதை வைத்துத்தான் அது பிழைப்பு நடத்துகிறது. ஆகவே ஆறுவதும் மெதுவாகத்தான். இதில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: ஆழமாக இழுத்தால் குத்துகிறது அல்லவா, ஆகவே இழுக்காதீர்கள். கழுத்தளவில் மூச்சுவிடுங்கள். கழுத்தும் தோளும் இறுகி, தோள்கள் காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். விலாக்கூடு அசைவதை மறந்து விறைக்கும். விறைத்தால் அடுத்த முறை தும்மும்போது இன்னும் நன்றாகக் குத்தும். அந்தக் குத்தலில் பயம் கூடும், பயத்தில் மூச்சு இன்னும் மேலே ஏறும். முதலீடு எதுவும் போடாமல் வட்டி குட்டி போடுகிற ஏற்பாடு.

இதற்குத் துணையாக உட்காரும் விதத்தையும் அமைத்துக்கொள்ள வேண்டும். சோபாவின் ஓரத்தில் முதுகை வில்லாக வளைத்து, தொப்பைமேல் போனை நிறுத்தி, தாடையை நெஞ்சில் இறக்கி, ராத்திரி பன்னிரண்டு வரை ரீல்ஸ் பாருங்கள். விலா எலும்பு முன்னால் மட்டும் மாட்டப்பட்ட பொருள் இல்லை. பின்னால் முதுகெலும்போடு ஒவ்வொன்றுக்கும் சின்னச் சின்ன மூட்டுகள் உண்டு. முதுகு கூன்போட்டே கிடந்து அந்தப் பின்மூட்டுகள் இறுகிப்போனால், அசைய வேண்டிய பாரம் முழுக்க முன்மூட்டின் தலையில் விழுகிறது என்பது பல பிசியோக்கள் வைத்திருக்கும் கணக்கு. வலி முன்னால் வரும், பஞ்சாயத்து பின்னால் இருக்கும். நம் குறிக்கோளுக்கு இது ரொம்பவே வசதி. பின்பக்கத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மருந்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெடிக்கல் ஷாப் தம்பியிடம் "வலிக்கு ஏதாச்சும் குடுப்பா" என்றால் நாலு மாத்திரை கிழித்துத் தருவார். வெறும் வயிற்றில் போடுங்கள். வயிறு புண்ணானால் நெஞ்செரிச்சலும் சேர்ந்துகொண்டு எந்த வலி எது என்று டாக்டருக்கே குழப்பம் வரும். கிட்னி, அல்சர், ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற மாத்திரை பற்றியெல்லாம் அந்தத் தம்பி கேட்க மாட்டார், நீங்களும் சொல்லாதீர்கள். மேலே கோடாலித் தைலம், அதன்மேல் பிள்ளை வாங்கிவந்த ஸ்ப்ரே, அதன்மேல் ஹீட்டிங் பேடு. தோல் பொசுங்கி எரிகிற எரிச்சலில் விலா வலி சற்று நேரம் மறந்துபோவது உண்மைதான். துணியில் கல் உப்பை வறுத்துக் கட்டி, கையில் தொட்டுச் சூடு பார்த்து, பத்துப் பதினைந்து நிமிடம் இதமாக ஒத்தடம் கொடுக்கிற பாட்டி வைத்தியம் இந்த வலிக்கு நிஜமாகவே சுகம் தரும். அதனால் அதைத் தவிர்க்கவும்.

எல்லாம் முடிந்து கடைசியில் யாரோ ஒரு நல்லவர் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுப்பார். நம் வளர்ப்புக்கு வருகிற உண்மையான கண்டம் இதுதான், சுதாரித்துக்கொள்ளுங்கள். (அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். நடமாட முடியாதவர்களுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் செய்கிறார்கள். கேன் தூக்குகிற நீங்கள் அந்தப் பட்டியலில் வர மாட்டீர்கள் என்பது ஒரு ஆறுதல்.)

கிளினிக் மாடியில் இருக்கும். திரைச்சீலை தொங்கும் மூன்று கட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒருவர் முழங்காலிலோ கழுத்திலோ ஈரப் பஞ்சு பட்டைகளைக் கட்டிக்கொண்டு, உறுமுகிற மெஷினுக்குப் பக்கத்தில் அரைத்தூக்கத்தில் இருப்பார். பார்த்ததுமே உங்களுக்கும் ஆசை வரும். ஆனால் உங்களைப் பார்க்கிற பெண், வயது இருபத்தைந்து இருக்கலாம், உங்களை ஸ்டூலில் உட்காரவைத்து, கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டச் சொல்லி, "வலது பக்கம் திரும்புங்க சார், இப்ப இடது பக்கம், இடுப்பத் திருப்பாம" என்பார். நீங்கள் சுவர் கடிகாரத்தைப் பார்க்கிற அளவுக்குக்கூடத் திரும்பியிருக்க மாட்டீர்கள். அவர் பின்னால் வந்து தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் கட்டைவிரலை வைத்து ஒவ்வொரு கணுவாக அழுத்துவார். இங்கேதான் நீங்கள் கோபப்பட வேண்டும். "அம்மா, வலி முன்னாடி." அவர் சிரித்துக்கொண்டே, "தெரியும் சார்" என்பார். "கரண்ட் வைக்கலையா?" என்று கேளுங்கள். "அது வலிக்கு இதமா இருக்கும் சார், ஆனா எக்சர்சைஸ்தான் முக்கியம்" என்பார். கரண்ட் வைக்காத பிசியோதெரபியா? ஊசி போடாத டாக்டரையே நாம் டாக்டராக ஒத்துக்கொள்வதில்லை. (பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் அதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு அந்த மெஷின் ஆகாது.)

அவர் சொல்லித்தருகிற முதல் பயிற்சி, கதவு நிலையில் நிற்பது. இரண்டு முழங்கைகளையும் தோள் உயரத்துக்கு மடக்கி, முன்கைகளை நிலையின் இரண்டு பக்கமும் வைத்து, ஒரு காலை முன்னால் எடுத்து வைத்து, நெஞ்சின் முன்சதை மெதுவாக இழுபடும்வரை உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும். 20, 30 விநாடி அப்படியே, மூச்சைப் பிடிக்காமல். பிறகு விட்டுவிட்டு மறுபடி, இரண்டு மூன்று முறை. இழுப்பு தெரியலாம், குத்தக் கூடாது. குத்தினால் முழங்கையைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். செலவே இல்லாத பயிற்சி. ஆனால் தமிழ் வீட்டில் நிலைவாசலில் நிற்பது அவ்வளவு சுலபமா? சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்கள் இரு கையையும் விரித்து, ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே என்று நின்றால், அம்மா பூஜை அறையிலிருந்தே குரல் கொடுப்பார்: "விளக்கு வைக்கிற நேரத்துல வாசப்படிய மறிச்சுக்கிட்டு நிக்காதடா, லட்சுமி எப்படி உள்ள வருவா?" லட்சுமிக்கும் விலாவுக்கும் நடுவில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் சந்தேகமே வேண்டாம். ஹாலின் மூலையில் இரண்டு சுவரிலும் கைவைத்துச் சாய்ந்தால் இதே பலன் உண்டு என்பதை அம்மாவிடமும் சொல்லாதீர்கள், நீங்களும் மறந்துவிடுங்கள்.

இரண்டாவது, டென்னிஸ் பந்து. இரண்டு பந்துகளை ஒரு சாக்ஸில் போட்டு இறுக்கி முடிச்சிட்டு, தரையில் பாய் விரித்து, முட்டியை மடக்கி மல்லாந்து படுத்து, முதுகெலும்பு நடுவில் வரும்படி பந்துகளைத் தோள்பட்டைகளுக்கிடையே கொடுக்க வேண்டும். ஓர் இடத்தில் ஒரு நிமிடம், பிறகு ஒரு விரற்கடை மேலே. எலும்பு தேய்ந்து மெலிந்த வயதானவர்கள் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு, முதலில் பல்லைக் கடிக்கவைத்தாலும் எழுந்து நிற்கும்போது முதுகில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டதாக இருக்கும். அந்த அனுபவம் நேராமல் பார்த்துக்கொள்ளச் சுலப வழி, சாக்ஸைப் பிள்ளைகள் கண்ணில் படும்படி வைப்பதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் சிகிச்சை தெருமுனையில் சிக்சர் போய்க்கொண்டிருக்கும்.

மூச்சுப் பயிற்சியும் உண்டு. ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். மூக்கால் இழுக்கும்போது வயிற்றுக் கை எழும்ப வேண்டும், நெஞ்சுக் கை பெரிதாக அசையக் கூடாது. நாற்பது வருடமாகப் போட்டோவுக்கு நிற்கும்போதெல்லாம் வயிற்றை உள்ளே இழுத்துப் பழகியவர்களுக்கு இது பெருத்த அவமானம். தோள்பட்டைகளைப் பின்னால் ஒன்றோடொன்று சேர்த்து ஐந்து விநாடி பிடித்து விடுவது, தலையணையைக் கட்டிக்கொண்டு வலிக்காத பக்கமாகப் படுப்பது, வண்டியைச் சென்டர் ஸ்டாண்ட் போடாமல் சைடு ஸ்டாண்டிலேயே விடுவது, கடை ஷட்டரை இரண்டு ஆளாக இழுப்பது, நனைந்த பெட்ஷீட்டைத் தனியாக முறுக்கிப் பிழியாமல் இருப்பது என்று பட்டியல் போகும். எல்லாமே சின்னச் சின்ன வேலை. ஒன்றிலும் பெருமை கிடையாது. வாட்ஸ்அப் குரூப்பில் போட ஒரு ஸ்கேன் படம்கூடத் தேறாது.

ஆகவே செய்முறை இப்படி இருக்கட்டும். தினமும் இரண்டு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யச் சொன்னதை, அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு முந்தைய ராத்திரி மொத்தமாகச் செய்துவிடுங்கள். "செய்யறீங்களா சார்?" என்று கேட்டால் பொய் சொல்லாமல் "செய்யறேன்மா" என்று சொல்லலாம். "லேசா இழுக்கலாம், மறுநாள் காலைல வலி கூடியிருந்தா அளவு அதிகம்னு அர்த்தம்" என்று அவர் எச்சரித்திருப்பார். அதைத் திருப்பிப் போட்டு, கூடியிருந்தால் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாலாம் நாள் வலி பாதியாகிவிட்டால் பயிற்சியை நிறுத்துங்கள், வலி குறைந்தபின் எதற்குப் பயிற்சி? நாலாம் நாள் குறையவில்லை என்றாலும் நிறுத்துங்கள், குறையாத வலிக்கு எதற்குப் பயிற்சி? பிசியோவை மாற்றி, கரண்ட் வைக்கிற இடமாகப் பார்த்துச் சேருங்கள்.

இவ்வளவு பாடுபட்டாலும் இந்த நோயிடம் ஒரு துரோக குணம் உண்டு. பெரும்பாலோருக்குச் சில வாரத்திலோ சில மாதத்திலோ அது பாட்டுக்குப் போய்விடுகிறது. வருடக் கணக்கில் இழுப்பதும் உண்டு என்றாலும் அந்தப் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஒருநாள் தும்மிவிட்டு, வழக்கப்படி கை நெஞ்சுக்குப் போய், குத்தலுக்குக் காத்திருப்பீர்கள். வராது. அழுத்திப் பார்ப்பீர்கள். இல்லை. பதற வேண்டாம். அடுக்ககத்தின் பொங்கல் விழாவுக்குக் கயிறு இழுக்கும் போட்டி அறிவித்திருப்பார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் அணியில் எந்த வருடமும் ஓர் ஆள் குறையும். செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். கயிற்றின் கடைசி ஆளாக நிற்கிறேன், இடுப்பில் சுற்றிக்கொள்கிறேன் என்று நீங்களாகவே கேட்டு வாங்குங்கள்.